இருமலுக்கு அடையும் வான்கோழிகள்

தகர டின்னை அவள் ஆட்டிய ஆட்டலுக்கு அடுத்த தெருக் கோழிகூட ஓடிவந்திருக்கும். அவளுடைய வான்கோழிகள் வரவில்லை. சரிவில் பாதிவரை ஏறிவந்து நின்றன. கழுத்தை நீட்டி அவளையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தன. பிறகு ஒரு பெட்டை திரும்பியது. அதன் பின்னால் மற்றவையும் திரும்பி ஓடைக்கரை மரங்களை நோக்கி நடந்தன. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிற ஆட்களின் நடை. பின்னால் யார் கூப்பிட்டாலும் நிற்காது.

"பா... பா... பா..." என்று தொண்டை வறளக் கத்தினாள்.

அறுபத்து நான்கில் பதினொன்று கொட்டகைக்குள் வந்தன. மற்ற ஐம்பத்து மூன்றும் படபடவென்று அடித்துக்கொண்டு கிளைகளில் ஏறின. ஏறியதும் கால்களை மடித்து உட்கார்ந்துகொண்டன, அங்கேயே பிறந்து வளர்ந்தது மாதிரி.

ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷன்.

"அடைஞ்சாச்சா?"

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு நாளில் அந்த ஒரு கேள்விதான் முக்கியம். வெயிலுக்கு மேய்ந்தது, மழைக்கு நனைந்தது எல்லாம் இருக்கட்டும். இருட்டுவதற்கு முன் அடைந்ததா இல்லையா?

"அடைஞ்சாச்சு" என்றாள்.

"எல்லாம்?"

"எல்லாந்தாங்க. நீங்க பேசாம படுங்க."

அன்று காலையில்தான் அவனை வார்டில் சேர்த்திருந்தார்கள். அவனுக்குத் தெருவில் தூள் என்று பெயர். கல் உடைக்கும் கிரஷரில் பத்தொன்பது வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் கல்மாவு படிந்து, கண் மட்டும் தெரியும். "ஆளு தூளா வர்றாரு பாரு" என்று எவனோ ஆரம்பித்தது ஒட்டிக்கொண்டது. வெளியே இருந்த தூள் குளித்தால் போனது. உள்ளே போனது போகவில்லை. இருமல் நிற்காமல் போனதும் கிரஷர்க்காரன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அதற்கப்புறம்தான் இந்த வான்கோழி யோசனை.

யோசனை அவனுடையது, பழக்கியதும் அவன்தான். குஞ்சுகள் வந்ததும் ஆறு வாரம் கொட்டகையை விட்டு வெளியே விடவில்லை. அதுதான் வீடு என்று அவற்றின் மண்டையில் ஏற வேண்டும். பிறகு விட்டபோதும் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றோடுதான் விட்டான். தீவனம் கொட்டகைக்கு உள்ளே மட்டும். வெளியே ஒரு தானிய மணி விழக் கூடாது. வான்கோழி உயரத்தில் அடைகிற சாதி என்பதால் நெஞ்சு உயரத்துக்குக் கட்டைகள் அடித்தான். இருட்டுக்குள் கால் வைக்காது என்பதால் உள்ளே ஒரு மஞ்சள் பல்பு போட்டான். மரத்தைப் பார்க்கிற கோழி எது என்று கண்டுபிடித்து, ஒரு பக்கச் சிறகை மட்டும் கத்தரித்தான். நாலு மாதம் இப்படி.

"ஒரு ராத்திரி மரத்துல தூங்கிட்டா திரும்பக் கூட்டி வந்துடலாம். நாலஞ்சு ராத்திரி தூங்கிட்டா அது காட்டுக் கோழி. அப்புறம் நீ வாசல்ல விருந்தே வெச்சாலும் எட்டிப் பார்க்காது" என்பான்.

தினமும் நடப்பது இதுதான். அவன் கொட்டகை வாசலில் தவிடும் மக்காச்சோள மாவும் கலந்து மூட்டையைச் சாய்ப்பான். மாவு புகையாக எழும்பும். அவனுக்கு இருமல் பிடிக்கும். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மூன்று தடவை குரைத்து, கடைசியில் சாக்கைக் கிழிக்கிற மாதிரி இழுக்கும். அது கேட்டால் சரிவில் இருக்கிற சேவல்கள் எல்லாம் ஒரே குரலில் களகளகளவென்று பதில் கொடுக்கும். அவள் டின்னை ஆட்டுவாள். கோழிகள் வரும்.

"அண்ணன் எடுத்துக் கொடுக்கறாரு, சேவலுங்க பாடுது. டிக்கெட் போட்டு வசூல் பண்ணலாம்க்கா" என்பான் பக்கத்து வீட்டு பம்பு. கிரஷரில் தண்ணீர் பம்ப் ரிப்பேர் பார்த்தவன்; அதனால் அந்தப் பெயர்.

அவளுக்கோ தன் டின்மேல் அத்தனை நம்பிக்கை. "நீங்க யாரு கூப்பிட்டாலும் வராது. என் டின்னு சத்தத்துக்குத்தான் வரும்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

முதல் ராத்திரி மூன்று போயின. வான்கோழி மரத்தில் இருக்கிறவரை நரி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் விடிவதற்கு முன்பே மடத்தனமாக இறங்கும். கீழே நரி காத்திருக்கும். இரண்டாம் ராத்திரி ஐந்து. மரத்தடியில் வெண்கலப் பளபளப்போடு இறகுகளும், மேலே ஒன்றுமில்லாமல் ஒரு ஜோடிக் காலும் கிடந்தன. அவள் அந்தக் கால்களைக் குழி தோண்டிப் புதைத்தாள். வாசனைக்கு நரி கொட்டகைவரை வந்துவிடக் கூடாது. ஐம்பத்தாறு மிச்சம்.

கறிக்கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஐம்பது உருப்படிக்குக் குறைந்தால் அவ்வளவு தூரம் வண்டி அனுப்ப மாட்டார். அனுப்புவதாக ஒத்துக்கொண்ட நாளுக்கு இன்னும் பத்து நாள். டாக்டரும் கறாராகத்தான் சொல்லியிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் வீட்டில் இருந்தால் ஆளைக் கூட்டிப் போகலாம், இல்லாவிட்டால் வார்டிலேயே இருக்க வேண்டியதுதான். பழைய மிஷின் ஒன்றை ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தாள். கோழி வண்டியில் ஏறினால் மிஷின் வீட்டுக்கு வரும். மிஷின் வந்தால் அவன் வருவான்.

"இங்க மேல பார்த்தா ஃபேனு, கீழ பார்த்தா பேசினு. பக்கத்துப் பெட்டுல நேத்து ஒருத்தன் இருந்தான், இன்னைக்கு இன்னொருத்தன் இருக்கான். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்று அவன் சொன்னான். அதிகம் கேட்கிற ஆள் இல்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பம்பு உதவிக்கு வந்தான். நீளக் கம்பின் நுனியில் சாக்கைக் கட்டி, சரிவுக்குக் கீழிருந்து கோழிகளை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தான். அவை சாக்கைச் சுற்றிக்கொண்டு மரத்துக்குப் போயின.

"இதுங்களுக்கு வீட்டு நம்பர் போர்டு மாட்டணும் போலிருக்குக்கா."

"வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கம் தள்ளு தம்பி."

"தள்ளித்தான் பார்க்கறேன். கவர்மெண்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரி, நான் ஒரு பக்கம் தள்ளினா அது ஒரு பக்கம் போகுது."

ஃபோன் அடித்தது. அவள் ஒரு கையில் டின், ஒரு கையில் கம்பு. இடுப்பில் செருகியிருந்ததைப் பம்புதான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அடைஞ்சாச்சா?"

"அடைஞ்சாச்சுங்க."

"அப்ப ஏன் மூச்சு வாங்குது உனக்கு? நான்தானே வாங்கணும்."

பம்பு சிரித்துவிட்டான்.

"யாரு, பம்பா? நீ எங்கடா அங்க?"

"சும்மாண்ணே. அக்கா கோழிக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லச் சொன்னாங்க."

"உனக்கே இல்லாததை எங்கேயிருந்துடா சொல்லுவ" என்று தூள் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. மூன்று குரைப்பு. பிறகு அந்த இழுப்பு. ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் அதிர்ந்தது.

ஓடைக்கரை மரங்களிலிருந்து சேவல்கள் அத்தனையும் ஒரே குரலில் பதில் கொடுத்தன. களகளகள.

பிறகு கிளைகள் ஆடின. ஒன்று இறங்கியது. நான்கு இறங்கின. பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்து, உடம்பைக் குலுக்கிக்கொண்டு, சரிவில் ஏறி ஓடிவந்தன. அவளையும் பம்பையும் இரண்டு கல்தூண்களைப் போல ஒதுக்கிவிட்டுக் கொட்டகைக்குள் போயின. அவள் டின் கையிலேயே இருந்தது. ஆட்டவில்லை.

"என்ன சத்தம்?" என்றான் தூள்.

பம்புதான் சொன்னான். "அண்ணே, நீங்க இருமினீங்க. எல்லாம் இறங்கிடுச்சு."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, விட்டு. பிறகு, "பத்தொம்பது வருஷம் கிரஷர்ல கிடந்து இதையாச்சும் சம்பாதிச்சேனே" என்றான். "ஏய், அப்ப ரெண்டு நாளா அடையலையா? பொய்யா சொன்ன?"

"ஆமா."

"எத்தனை போச்சு?"

"எட்டு."

"சரி. நாளைக்கு ஆறு மணிக்குக் கூப்பிடறேன். ஃபோனைத் தூக்கிப் பிடி."

மூன்று நாள் அப்படித்தான் நடந்தது. ஆறு மணிக்கு அவன் கூப்பிடுவான், இருமுவான், கோழிகள் அடையும். மூன்றாம் நாள் நாத்தனார் ஃபோனை வெளியே எடுத்து வந்து தணிந்த குரலில் பேசினாள். அவள்தான் அண்ணனுக்குத் துணையாக வார்டில் இருந்தாள்.

"அண்ணி, சிஸ்டர் பிடிச்சுத் திட்டறாங்க. மத்தியானமெல்லாம் அடங்கிக் கிடக்கிற மனுஷன் ஆறு மணியானா ஏன் இப்படி இருமறாருன்னு. நான் என்னன்னு சொல்ல? கோழி அடையறதுக்குன்னா சொல்ல முடியும்? எங்க ரெண்டு பேரையுமே வேற வார்டுக்கு மாத்திடுவாங்க."

மறுநாள் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு ஃபோன் வரவில்லை. அவளே இருமிப் பார்த்தாள். கோழிகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. இது யாரோ நடிக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அந்த ராத்திரி நான்கு போயின. ஐம்பத்திரண்டு.

காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் கண்கள் உள்ளே போயிருந்தன. அவளைப் பார்த்ததும் விரலைத் தூக்கி, எத்தனை என்று கேட்டான்.

"ஐம்பத்திரண்டு."

அவன் மாஸ்க்கைக் கன்னத்துக்கு நகர்த்தினான். "என் இருமலை ஃபோன்ல பிடிச்சுக்கோ. தினம் போட்டுக் காட்டு."

"வேண்டாங்க."

"இன்னும் ரெண்டு ராத்திரி விட்டா அம்பதுக்குக் கீழ போயிடும். அப்புறம் வண்டி வராது. வண்டி வரலேன்னா நான் இங்கதான்."

"நான் வேற ஏதாவது பண்றேன்."

"என்ன பண்ணுவ? டின்னு ஆட்டுவியா?"

நாத்தனார் வராந்தாவில் போய் நின்றாள், சிஸ்டர் வருகிறாளா என்று பார்க்க. இவள் தன் ஃபோனை எடுத்தாள். எப்படிப் பதிவு செய்வது என்று பம்பு சொல்லிக் கொடுத்திருந்தான். சிவப்புப் புள்ளியைத் தொட வேண்டும், நம்பர் ஓடும். தொட்டாள். விரலெல்லாம் கோழித் தீவன மாவு காய்ந்து வெடித்த விரல். அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். கிணற்றில் இறங்குகிறவன் மாதிரி ஒரு தடவை அவளைப் பார்த்தான். இருமினான்.

அப்படி ஒரு இருமலை அவள் கேட்டதில்லை. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூன்று, நான்கு, ஐந்து. கடைசி இழுப்பு முடியவே இல்லை. பக்கத்துப் பெட்காரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முடிந்ததும் பேசினில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "வந்துச்சா?"

அவள் ஃபோனைப் பார்த்தாள். நம்பர் ஓடவில்லை. புள்ளி சிவப்பாகவே நின்றது. காய்ந்த விரல் தொட்டதை ஃபோன் எடுத்துக்கொள்ளவே இல்லை.

வந்துச்சு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பொய் சொன்ன வாய்தானே. ஆனால் ஐம்பத்திரண்டு கோழியும் அந்த நாற்பது மைல் பஸ்ஸும் அவன் கேட்ட அந்த ஒன்றும் கண்முன் நின்றன. உண்மையைச் சொன்னாள்.

"வரலைங்க. பட்டன் அமுங்கல."

அவன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். "உன்னைக் கட்டிக்கிட்டு" என்றான் மெதுவாக, "நான் செத்தேன்." சிரிக்கத்தான் சொன்னான். பிறகு மறுபடியும் கம்பியைப் பிடித்தான்.

இரண்டாவது இருமல் சின்னது. மூன்று குரைப்பு, சாக்குக் கிழிகிற இழுப்பு. வழக்கமானதுதான். அது முடிந்து இரண்டு மூச்சுக்குப் பிறகு, "வந்துச்சா?" என்றான். இந்தத் தடவை நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். பேசினில் கிடந்தது சிவப்பாக இருந்தது. நாத்தனார் ஓடிவந்து பேசினைத் துணியால் மூடுவதற்குள் சிஸ்டர் வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க எல்லாரும் சேர்ந்து? மாஸ்க்கை யார் கழட்டினது?"

மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்று ஃபோனை உயர்த்திப் போட்டாள். சேவல்கள் பதில் கொடுத்தன. ஐம்பத்திரண்டும் இறங்கி வந்தன. கோழிகள் பல்பு வெளிச்சத்தில் கட்டைகளில் இடம் பிடிக்கிற நேரத்தில், பதிவின் கடைசியில் அவன் குரல் கேட்டது. "வந்துச்சா?"

பம்பு அவளைப் பார்த்தான். "அந்த வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துடலாம்க்கா. எனக்குத் தெரியும்."

"வேண்டாம், இருக்கட்டும்."

அதற்கப்புறம் ஒரு கோழிகூடக் குறையவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தாழ்ப்பாளைப் போட்டு நிமிர்ந்தபோது ஃபோன் அடித்தது. நாத்தனார் நம்பர்.

"அடைஞ்சாச்சுன்னு சொல்லு" என்றாள் எடுத்த எடுப்பில். "ஐம்பத்திரண்டும். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"கேக்குதா? அவர்கிட்ட சொல்லு."

"யார்கிட்ட அண்ணி சொல்ல?" என்றாள் நாத்தனார்.

நீங்கள் வந்துவிட்டுப் போன அன்று ராத்திரியிலிருந்தே ரத்தம் நிற்கவில்லை என்று நாத்தனார் பிறகு சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். டாக்டர் எப்படியும் இதுதான் நடந்திருக்கும் என்றாராம். எப்படியும் என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை. பதிவாகாத அந்த முதல் இருமல் எங்கும் இல்லை, காற்றில் போய்விட்டது. அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். தீவனம் கலக்கும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் விரல் நுனி தானாகக் கட்டைவிரலில் அமுங்கி அமுங்கிப் பார்த்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கடையிலிருந்து ஃபோன். "மிஷினைத் துடைச்சு ரெடியா வெச்சிருக்கேன்ம்மா. எப்ப எடுக்கறீங்க?"

"எங்களுக்கு வேண்டாங்க. ஆனா வித்துடாதீங்க" என்றாள். "எங்க தெருவிலேயே ஆள் இருக்கு." தீவன மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த பம்பு மாவு நெடிக்கு ஒரு தடவை செருமினான். அவள் பார்ப்பதைப் பார்த்து மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

சொன்ன நாளில் கறிக்கடைக்காரர் வண்டியோடு வந்தார். கூண்டுகளை இறக்கி வைத்துவிட்டு, தயங்கி, "வேணும்னா ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்மா" என்றார்.

"எதுக்கு? கோழிக்கா துக்கம்? ஏத்துங்க."

காலையில் கொட்டகையைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வந்தார்கள். தலைகீழானதும் வான்கோழி அடங்கிவிடும். சிறகை விரித்துத் தொங்கப் போட்டுவிடும். வேலையோடு வேலையாகப் பம்பு அந்த இருமல் கதையைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டான்.

"அப்படியா? அதை என் ஃபோனுக்கு அனுப்பிவிடுங்கம்மா. கடையில கூண்டைத் திறந்தா ஒண்ணும் இறங்க மாட்டேங்குது, பெரிய ரோதனை."

"அங்க எதுக்குண்ணே கூப்பிடணும்? எப்படியும் தூக்கிக்கிட்டுத்தானே போகப் போறீங்க" என்றாள் அவள்.

கடைக்காரர் அடுத்த கூண்டின் கதவைத் திறந்தார்.

ஐம்பது ஏறியிருந்தபோது, பம்பு கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே வந்த இடைவெளியில் கடைசி இரண்டு பெட்டைகளும் அவன் இடுப்புக்குக் கீழே புகுந்து ஓடின. சரிவில் இறங்கி, மரத்தடியில் போய் நின்றன.

"விடுங்கம்மா. ஐம்பது இருக்கு. ரெண்டுக்காக யாரு ஓடறது" என்றார் கடைக்காரர்.

"நரிக்கா விட்டுட்டுப் போகச் சொல்றீங்க?"

அவள் ஃபோனை எடுத்தாள். காலை வெயில் ஏறிய நேரம். இந்த நேரத்துக்கு அதைப் போட்டதே இல்லை. சரிவின் விளிம்பில் நின்று கையை உயர்த்திப் புள்ளியைத் தொட்டாள். தொட்டதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

மூன்று குரைப்பு. இழுப்பு.

வண்டிக்குள் கூண்டுகள் குலுங்கின. அடைபட்ட சேவல்கள் கம்பிகளுக்கு நடுவே கழுத்தை வெளியே விட்டு ஒரே குரலில் களகளவென்று கத்தின. கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். மரத்தடியில் இருந்த பெட்டைகள் திரும்பிப் பார்த்தன. பிறகு ஓடிவந்தன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நேராக, பல்பு அணைந்த வெறும் கொட்டகைக்குள். அவள் பின்னாலேயே போய்க் குனிந்து இரண்டையும் கால்களில் பிடித்தாள். இடுப்பில் செருகிய ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துச்சா?"

"யாரும்மா அது உள்ள?" என்றார் கடைக்காரர் வாசலில் நின்று.

"வந்துருச்சுங்க" என்றாள் அவள். கடைக்காரருக்குச் சொல்லவில்லை. "ரெண்டும் வந்துருச்சு."

வெளியே வந்து பெட்டைகளை அவரிடம் நீட்டினாள். சிறகு விரித்துத் தொங்கின. அவர் வாங்கிக் கூண்டில் போட்டார்.